ரெங்கத்து லண்டன் காருக்கு அமெரிக்க நெஞ்சு

ஜொகூர் ஒரு வெளிநாடு என்பது ஜப்பான்காரன் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளை மிதித்துப் பாலத்தைத் தாண்டுவோம், டுரியான் தின்போம், கை நாறத் திரும்பி வருவோம். இப்போது ஒரு மைல்கூட இல்லாத அதே பாலத்துக்குப் பாஸ், முத்திரை, ஊசி போட்டுக்கொண்ட சீட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, காவலுக்கு நிற்கும் சிப்பாய் முன்னால் இடுப்பை ஒடித்து ஒரு கும்பிடு. கும்பிடு மேலோட்டமாக இருந்தால் கன்னத்தில் பளார். என் கும்பிடு பிரமாதமாக இருக்கும். கல்லூரியில் இரண்டு வருஷம் விஞ்ஞானம் படித்தவன் நான். எத்தனை டிகிரி குனிந்தால் அறை விழாது என்று கணக்கே போட்டு வைத்திருந்தேன்.

அந்த வியாழக்கிழமை என் கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். திறந்தால் மேலே பெலாச்சான்: கூனி இறாலை இடித்துப் புளிக்கவைத்த மலாய்க்காரச் சரக்கு, அரை மைலுக்கு அப்பாலிருந்தே ஆளைக் கூப்பிடும். அதற்குக் கீழே, எண்ணெய்த் துணியில் சுற்றி, அமெரிக்கக் காரிலிருந்து கழற்றிய ஒரு கார்புரேட்டர்.

சிப்பாய் டின்னைத் திறந்தான். மோந்தான். "பாகெரோ!" என்று ஜப்பான் பாஷையில் திட்டி எனக்கு ஒன்று விட்டான். கும்பிட்டதற்கு விழுந்த அறை இல்லை, நாற்றத்துக்கு விழுந்தது. என் கணக்கில் அது வராது. டின்னை மூடச் சொல்லிப் போகச் சொன்னான். போனேன்.

கார்புரேட்டரைத் திருடினேன் என்று சொல்லமாட்டேன். நான் அப்போது ஜப்பான் ராணுவம் எடுத்துக்கொண்ட ஒரு மோட்டார் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். பின்கட்டில் நீளமான அமெரிக்கக் கார் ஒன்று சக்கரம் இல்லாமல் படுத்திருந்தது. அதன் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழிக்குக் கார்புரேட்டர் எதற்கு?

தேவைப்பட்டது என் அக்கா பிலோமினாவின் புருஷனுக்கு. சவரிமுத்து மாமா ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தொரையின் டிரைவர். தொரை வைத்திருந்தது லண்டன் கார். பெயர் சொன்னால் பேங்க் மேனேஜர்கூட எழுந்து நிற்பான், அந்த ஜாதி. ஜப்பான்காரன் நெருங்கியதும் தொரை, "வண்டியை ஓடாமல் செய்துவிடு" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுச் சின்னக் காரில் ஓடிவிட்டார். மாமாவும் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டார். இப்போது தோட்டத்து பங்களாவுக்குப் புதிதாக வந்திருக்கும் கேப்டனுக்கு அந்தக் கார் மேல் ஆசை. வெள்ளைக்காரன்தான் சாமானைக் கழற்றிக்கொண்டு ஓடினான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அந்த வரைக்கும் மாமாவின் தலை கழுத்தில் இருந்தது.

ஆனால் கார் இல்லாத டிரைவர் வெறும் கூலி. கூலிகளைச் சயாமில் ரயில் போட லாரி லாரியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருத்தர்கூட அதுவரை திரும்பி வரவில்லை. அக்காவிடமிருந்து ரயில் கார்டு ஒருவர் வாய்வழியாகச் சேதி கொண்டுவந்தார்: "ஞாயித்துக்கெழம லாரி. மாமா பேரு லிஸ்டுல இருக்கு. வண்டிக்கு நெஞ்சு கெடச்சா பேர எடுத்துருவாங்களாம்." கார்புரேட்டரை மாமா நெஞ்சு என்றுதான் சொல்லுவார். காற்றும் எண்ணெயும் கலப்பது அங்கேதானே.

லண்டன் காருக்கு அமெரிக்கச் சாமானா என்று பட்டறையில் யாரைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பான். அதனால் நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

ரயில் என்றால் சரக்கு வண்டி. ஆடு, நாங்கள், உப்பு மூட்டை, எல்லாரும் ஒரே கிளாஸ். நிலக்கரி கிடையாது, விறகுதான் எரித்தார்கள். கூலாய் தாண்டி ஒரு மேட்டில் என்ஜின் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து, ஆளுக்கு இரண்டு கட்டை பொறுக்கிக்கொண்டு வந்தால்தான் வண்டி நகரும் என்றான். சிங்கப்பூரில் டிராமுக்குக் காத்திருந்தால் சலித்துக்கொள்பவன் நான். இங்கே ரயிலுக்கே சோறு போட்டேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய் அம்மா டின்னையே முறைத்துக்கொண்டிருந்தார். "உள்ளே என்ன மகனே, செத்த எலியா?" என்று மலாயில் கேட்டார்.

"பெலாச்சான், மக்சிக். அக்காவுக்கு."

"ஜொகூருக்கு சிங்கப்பூர்லேர்ந்து பெலாச்சானா? கடலுக்கு உப்பு கொண்டுபோற ஆளு நீ!" வண்டியே சிரித்தது. பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, வாழையிலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும் கொடுத்தார்.

மரவள்ளிக்கிழங்கு! சிங்கப்பூரில் காலையில் கிழங்கு ரொட்டி, மத்தியானம் கிழங்கு மாவில் மீ நூடுல்ஸ், ராத்திரி கிழங்குக் கஞ்சி. ஜொகூரில் வேறு ஏதாவது இருக்கும் என்று நம்பி வந்தேன். இருந்தது. பெரிய கிழங்கு.

ரெங்கம் ஸ்டேஷனில் மாமா சைக்கிளோடு நின்றார். டயர் கிடைக்காத காலம். தோட்டக் குழாயை வெட்டி ரிம்மில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி முடிச்சு ரோட்டில் டக்கென்று இடிக்கும். ஆறடி ஆள், வெள்ளைச் சட்டை, கழுத்தில் உத்திரியம். பூசையில் மந்திரித்துக் கொடுத்த இரண்டு சின்னத் துணித்துண்டு, பழுப்புக் கயிற்றில்.

"வா மச்சான். என்னா டின்னு, பொணம் மாதிரி வீசுது?"

"நெஞ்சு மாமா."

டக்கென்று நின்றார். டின்னை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

பின்சீட்டில் உட்கார்ந்து டக், டக்கென்று ஆடிக்கொண்டே கேட்டேன். "பழசு எங்க மாமா? ஆத்துல போட்டுட்டீங்களா?"

"ஆத்துலயா? மனசு வருமாடா? அவ்வளவு நேர்த்தியான சாமான். ரப்பர் கட்டுக்குள்ள வெச்சேன்."

புகைபோட்ட ரப்பர் சீட்டுகளை அடுக்கி அழுத்திக் கட்டாகக் கட்டுவார்கள், ஒரு ஆள் தூக்க முடியாத கனம். அதன் நடுவில் கார்புரேட்டரை வைத்து மேலே சீட்டு அடுக்கி அழுத்திவிட்டார். துருப்பிடிக்காது, தண்ணீர் படாது, எவனும் தேடமாட்டான். தோட்டத்துக்காரனுக்குத்தான் தோன்றும்.

"அடையாளத்துக்குச் சாக்குக்கட்டியில சிலுவ போட்டு வெச்சேன். வந்தானுங்க. ஸ்டோரத் தொறந்தானுங்க. சிலுவ போட்டதுதான் நல்ல சரக்குன்னு நெனச்சானுங்களோ என்னமோ, அதத்தான் மொதல்ல ஏத்துனானுங்க."

"அலமாக்! அப்ப தொரையோட நெஞ்சு இப்ப ஜப்பான்ல?"

"ஏதோ ஒரு ஃபேக்டரில ரப்பர் கட்ட வெட்டுற கத்தி ஒடஞ்சிருக்கும்லா," என்றார் மாமா. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் அக்கா எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பெட்ரோல் கிடையாது, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலையும் கழிவு ரப்பரையும் டிரம்மில் போட்டுக் கொதிக்கவிட்டால், ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்ப் பழுப்பு எண்ணெயாக ஒழுகும். தோட்டத்து லாரிக்கெல்லாம் அதுதான் தீனி. என் அக்கா, கான்வென்டில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள், புகையில் கண் சிவக்க நின்றாள்.

"எளைச்சிட்டியேடா. சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டே டிரம்மிலிருந்து குழாய் கிளம்பும் மூட்டில் எதையோ வெள்ளையாக அப்பினாள். பிசைந்த மரவள்ளிக்கிழங்கு, அதில் நூல் சுற்றி.

"திங்கிறது போதாதுன்னு பூசவும் ஆரம்பிச்சாச்சா?"

"களிமண்ணு வெடிச்சிருது. இது சூடுபட்டா கல்லு. நீ சிரி. ஒனக்கும் அதான் சோறு."

சிரித்தேன். சாப்பிட்டேன். கிழங்கும் கங்கோங் கீரையும், சிவப்புப் பாமாயிலில்.

வெள்ளிக்கிழமை காலை, பங்களா கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்தேன். ஒரு தரம் சுற்றி வந்தேன். மூக்கு மட்டும் அக்கா லயத்து வாசல் நீளம். கதவைச் சாத்தினால் சத்தம் இல்லை, ஒரு மரியாதை. ஒன்றரை வருஷம் ஓடாத வண்டியை மாமா வாரம் தவறாமல் துடைத்திருந்தார். பேட்டரியை லாரியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார்.

மாமா மூடியைத் திறந்ததும் நான் பிரசங்கத்தைத் தொடங்கினேன். கல்லூரி நூலகத்தில் பாடப்புத்தகத்துக்குள் மோட்டார் பத்திரிகையை ஒளித்துவைத்துப் படித்த படிப்பு வீண்போகக் கூடாதே.

"மாமா, இது லண்டன் காருன்னு யாரு சொன்னா? பாதி அமெரிக்கா. கியர் மாத்தும்போது பல்லு ஒரசாம வழுக்கிட்டு விழுது பாருங்க, அந்த வித்த அமெரிக்காக்காரன் மொதல்ல போட்டான். நாலஞ்சு வருசத்துல லண்டன்காரன் எடுத்துக்கிட்டான். முன்சக்கரம் ரெண்டும் தனித்தனியா எழும்புது, அதுவும் அங்க வந்த வேலைதான். ஆனா அங்க அதச் செஞ்சவங்கள்ல ஒரு ஆளு லண்டன் கம்பெனிலேர்ந்து கப்பலேறிப் போனவரு! சத்தமில்லாம ஓட்டுறது எப்படின்னு இவன் அவனுக்குச் சொல்லிக் குடுத்தான், மெத்துன்னு ஓட்டுறது எப்படின்னு அவன் இவனுக்குத் திருப்பிக் குடுத்தான். சம்பந்திங்க மாமா. வெளியில மொறச்சிக்குவானுங்க, உள்ள ஒரே சட்டி."

"மொதக் கியருக்கு அந்த வித்த கெடையாது," என்றார் மாமா. "ரெண்டு, மூணு, நாலு வழுக்கும். மொதல்ல கைதான் பேசணும். பத்து வருசத்துல நான் ஒரு தரம் கரகரன்னு உட்டதில்ல. தொரை பின்னால தூங்குவாரு, முழிக்கமாட்டாரு."

"சரி லா. இப்ப நெஞ்சப் பாருங்க."

கார்புரேட்டரை என்ஜினின் வாயில் வைத்தேன். அடியில் இருக்கும் தட்டின் துளைகளும் என்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளும் இம்மி பிசகாமல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கின. மாமா சிலுவை போட்டுக்கொண்டார். கார்புரேட்டரிலும் லண்டன்காரன் அமெரிக்க மாதிரியையே வாங்கிக்கொண்டான் என்று நான் படித்தது பொய்யில்லை. எனக்கு அந்த நிமிஷம் காலர் தானாகவே நிமிர்ந்தது.

ஆக்ஸிலேட்டர் கம்பி அரை சாண் எட்டவில்லை. பால் மரத்தில் மங்குக் கிண்ணம் கட்டும் கம்பியை முறுக்கி நீட்டினோம். எண்ணெய்க் குழாய்தான் இடக்கு. குழாயின் நட்டு லண்டன் மரை, கார்புரேட்டர் வாய் அமெரிக்க மரை. ஒரு இஞ்ச்சில் லண்டனுக்கு இருபத்தெட்டுச் சுற்று, அமெரிக்காவுக்கு இருபத்தேழு. ஒன்றரைத் திருகு உள்ளே போகும், அப்புறம் பிடித்துக்கொள்ளும், சுற்றிலும் ஒழுகும். யோசனையைக் கடல் தாண்டி அனுப்பினவர்கள் மரையை அனுப்பவில்லை.

"அதுக்கென்னா?" என்றார் மாமா. தோட்டத்தில் எது ஒழுகினாலும், கூரையோ, குடமோ, காலணியோ, கை போவது ஒரே சாமானுக்கு. ஒரு ரப்பர் குழாய்த் துண்டைக் கொண்டுவந்து, நட்டைத் தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் மாட்டிக் கம்பியால் இறுக்கினார். மேலே ரப்பர் பாலையும் தடவி வெயிலில் காயவைத்தார். சொட்டு ஒழுகவில்லை.

"பிரமாதம் மாமா," என்றேன், இரண்டு வருஷம் ரசாயனம் படித்த நான்.

சாயங்காலம் கேப்டன் வந்தான். குள்ளம், சுத்தமான கையுறை. மாமா ஸ்டார்ட்டரை அழுத்தினார். நாலாவது அழுத்தில் என்ஜின் பிடித்தது. ரப்பர் எண்ணெய்ப் புகை கொட்டகையை நிரப்பியது. புகைக்குள்ளிருந்து அந்தக் கார் முனகக்கூட இல்லை, சும்மா மூச்சுவிட்டது. கேப்டன் மட்கார்டு மேல் விரலை வைத்து அதிர்கிறதா என்று பார்த்தான்.

"நாளை குளுவாங் டவுன்," என்றான் உடைந்த மலாயில். "போய்த் திரும்பு. ஓடினால், இவன் டிரைவர். ஓடாவிட்டால்..." தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் கையிலிருந்த லிஸ்டைக் காட்டினான். மூக்குக்கண்ணாடி போட்ட கிராணி கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ராஜா மாதிரி தூங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். கேப்டன் பின்னால், நான் முன்சீட்டில் ஸ்பேனரோடு. அக்கா கட்டிக்கொடுத்த இலைப்பொட்டலம் என் காலடியில். பால்மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை மாறாமல் ஓடின. வழியில் போன மாட்டுவண்டிக்காரன் வண்டியை விட்டு இறங்கி நின்று கும்பிட்டான். கேப்டனுக்கா காருக்கா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மாமா முதல் கியரிலிருந்து இரண்டுக்கு, மூன்றுக்கு மாற்றினார். ஒரு சத்தம் இல்லை. சிங்கப்பூரில் கவர்னர் கார் போவதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு அழகாகப் போகவில்லை.

ஆறாவது மைலில் தும்மியது. ஏழாவதில் நின்றது.

மாமாவின் காதோரம் வியர்வை இறங்கியதைப் பார்த்தேன். இறங்கி மூடியைத் திறந்தேன். ரப்பர் குழாய் பலாச்சுளை மாதிரி ஊதியிருந்தது. தொட்டேன், விரலோடு வந்தது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பிசின், மெழுகு மாதிரி, வழியை அடைத்துக்கொண்டு.

ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெய் ரப்பரைக் கரைக்கும். பெட்ரோலே கரைக்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எஸ்டேட்டில் ரப்பரை நம்பாதவன் கிடையாது என்பதால் நானும் நம்பிவிட்டேன்.

கேப்டன் இறங்கி வந்தான். முதலில் மாமாவுக்கு ஒன்று, அப்புறம் எனக்கு ஒன்று. மாமா தடுமாறவில்லை, நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டேன். கேப்டன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். தோக்கியோ நேரம் காட்டும் அதன் பெரிய முள்ளுக்கு விரலால் அரை வட்டம் போட்டான். அரை மணி. அப்புறம் மரநிழலில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"குண்டூசி குடு," என்றார் மாமா. கார்புரேட்டரின் துளையை ஊசியால் குத்தி, வாய் வைத்து ஊதினேன். ரப்பர் எண்ணெயின் ருசி எப்படி இருக்கும் என்று யாரும் என்னிடம் கேட்கவேண்டாம். துளை திறந்துவிட்டது. குழாய்? நட்டை மறுபடி இழுத்துவந்து கார்புரேட்டர் வாயில் திருகினேன். ஒன்றரைச் சுற்று. பிடித்துக்கொண்டது. சுற்றிலும் ஒழுகியது.

"எதாச்சும் அடைக்கணும் மாமா. ரப்பர் வேணாம். துணி நிக்காது. களிமண்ணு..."

"களிமண்ணு வெடிக்கும்," என்றார் மாமா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் காருக்குள் குனிந்ததில் தலையோடு தலை இடித்தது.

அக்காவின் இலைப்பொட்டலம். நாலு துண்டு மரவள்ளிக்கிழங்கு.

எண்ணெயில் மாவு கரையாது. அக்கா அதைப் படித்ததில்லை, தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து நார் உரித்துப் பிசைந்தேன். "நூலு வேணும். நூலு இல்லன்னா மரைக்குள்ள நிக்காது."

என் சட்டைத் தையல் நூல் இற்றுப்போனது, இழுத்தால் அறுந்தது. மாமா கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். உத்திரியத்தைக் கழற்றினார். இரண்டு துணித்துண்டையும் முத்தமிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பல்லால் கடித்துப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"மாமா, இது..."

"மாதாவுக்குத் தெரியும். சுத்து."

சுற்றினேன். மேலே கிழங்கை அப்பினேன். மாமா ஸ்பேனரைப் பிடித்து, தன் உடம்பின் முழுக் கனத்தையும் போட்டுத் திருகினார். இருபத்தெட்டும் இருபத்தேழும் கீச்சென்று கத்திக்கொண்டே ஒன்றையொன்று கடித்தன. ஒன்றே முக்கால் சுற்று. அதற்கு மேலே இன்னொரு பூச்சு.

என்ஜின் பிடித்தது. சூடு ஏற ஏற, வெள்ளையாக இருந்த பூச்சு பழுப்பாகி இறுகியது. மூடிக்குள்ளிருந்து சுட்ட கிழங்கு வாசம் வந்தது. பசியில் எனக்கு வாய் ஊறியது, அந்த நேரத்திலும்.

கேப்டன் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தான். குனிந்து மோந்தான். "இமோ?" என்றான் நம்பாமல். ஜப்பான் பாஷையில் கிழங்கு. ஜப்பான் பாஷை வகுப்பில் நான் படித்த உருப்படியான வார்த்தை.

"ஹாய், இமோ!" என்று குனிந்தேன்.

அவன் சிரித்தான். சின்னப் பையன் மாதிரி, கையுறையால் வாயை மூடிக்கொண்டு. அவன் ஊரில் குளிர்காலத்தில் தெருவில் சுட்டு விற்பார்களாம். மீதி இருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்துத் தின்றான். எங்களை அறைந்த அதே கை.

குளுவாங் போனோம், திரும்பினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பங்களா வாசலில் கேப்டன் கிராணியைக் கூப்பிட்டு, மாமாவைக் காட்டி, விரலால் காற்றில் ஒரு கோடு அடித்தான். கிராணி பேனாவைத் திறந்தார். அக்கா அதைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்துவந்து என் மண்டையில் குட்டினாள்.

"ரப்பரப் போட்டீங்களாடா? ஆம்பளைங்க ரெண்டு பேரு, ஒருத்தன் காலேஜு. தெனம் எண்ணெ காச்சுறவ நான் இங்கதான நிக்கிறேன்? ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கிழங்கு வைத்தாள், சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் லாரி நின்றது. கிராணி லிஸ்டைப் படித்தார். மாமா பெயர் இல்லை. இருபது பேர் என்று சொல்லியிருந்தார்கள். இருபது பேர் ஏறினார்கள். லிஸ்டின் கடைசியில், அடித்த கோட்டுக்குக் கீழே, வேறு மையில் இருபதாவது பெயர் இருந்தது. கூப்பிட்டதும், நாலாம் லயத்திலிருந்து ஒரு ஆள், பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே சட்டையோடு, மூட்டைகூட இல்லாமல் வந்து ஏறினார். அவருக்கு அன்று காலையில்தான் சொல்லியிருக்க வேண்டும். மாமாவைத் தாண்டிப் போகும்போது, "வண்டி ஓடுதாண்ணே? நல்லது," என்றார்.

கேப்டன் ஸ்டேஷன் வரைக்கும் லாரிக்குப் பின்னால் வரவேண்டுமாம். எனக்கும் ரயில் அங்கேதான், முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மடியில் அதே பிஸ்கட் டின், அதற்குள் அக்கா கொடுத்த கிழங்கு. கார் அருமையாக ஓடியது. முன்னால் லாரியில் இருபது பேரும் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குப் பார்க்க வேறு திசை இல்லை. நான் டின் மூடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாமாவால் அது முடியாது, அவர் ஓட்டுகிறவர்.

ஸ்டேஷன் மேட்டில் லாரி திணறி நடைவேகத்துக்கு வந்தது. நாங்களும் மெதுவானோம். மாமா கிளட்சை மிதித்து முதல் கியருக்குத் தள்ளினார்.

கரகரவென்று ஒரு சத்தம் அந்தக் காரின் அடிவயிற்றிலிருந்து எழுந்தது. பல்லோடு பல் அரைபடும் சத்தம். லாரியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

கேப்டன் முன்னால் சாய்ந்து, என்ன என்று கேட்டான்.

"ரோடு மோசம், துவான்," என்றார் மாமா.

ரோடு நன்றாகத்தான் இருந்தது.